வலப்பக்கத்து விளக்கு

அன்று காலை, வளைகுடாவில் முசஃபாவைத் தாண்டியுள்ள துப்பாக்கிப் பயிற்சி நிலையத்தின் ஆயுத அறையில் இருந்தவர்கள் மூவர்: சூப்பர்வைசர் சேதுமாதவன், அறையைப் பெருக்கும் இர்ஃபான், ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பொன்னுச்சாமி. கூட இருந்திருக்க வேண்டிய பொன்னுச்சாமியின் தம்பி மாயழகு இறந்து நாற்பது நாளாகியிருந்தது.

அவன் சாவுக்கு முன், ரைபிளின் விளக்கு கழன்று விழுந்து ஒருவருக்குக் காயம். திருகை முடுக்காமல் விட்டது சேதுமாதவன். ‘மாயழகு குடித்துவிட்டு மாட்டினான்’ என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அந்தப் பழியோடு தொழிலாளர் கேம்பில் போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அன்றும் அதே ரைபிளில் விளக்கு வலப்பக்கம் இருந்தது. மாயழகு இடது கைக்காரன். துப்பாக்கியை முன்னால் தாங்கும் வலது கையின் கட்டைவிரலுக்கு எட்டும்படி அங்கேதான் மாட்டுவான். ஸ்கோப் கைவிட்டால் குறிபார்க்க உதவும் மடக்குக் குறிமுட்களையும் நிமிர்த்தி வைப்பான். அவையும் நிமிர்ந்து நின்றன.

“நேத்து நானே இடப்பக்கம் மாத்தி அலமாரியைப் பூட்டினேன் அண்ணே. ஏழு நாளா இதே கதை,” என்றார் சேதுமாதவன்.

“திருகு எப்படியிருக்கு, தொட்டுப் பாருங்க சார்,” என்றார் பொன்னுச்சாமி.

சேதுமாதவன் தொட்டார். இம்மியும் அசையவில்லை.

“குடிகாரன் கை இப்படியா முடுக்கும்? எங்க வம்சத்துல எவனும் குடிச்சதில்ல. எழுதினதைத் திருத்துங்க.”

“வேலை போயிடும் அண்ணே.”

“அப்ப நாளைக்கும் வந்து மாத்துங்க.”

இர்ஃபான் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, “கலாஸ்”, முடிந்தது, என்று வெளியேறினார்.

பொன்னுச்சாமிதான் பழிவாங்க மாற்றி வைக்கிறார் என்று கேம்பில் பேச்சு. அது பொய். ஆயுத அலமாரிக்கு ஒரே சாவிதான். அது சேதுமாதவனின் கழுத்தில், தூங்கும்போதும்.