மணல்பள்ளத்தின் வம்சப் பெருமை

பல்கலைக்கழக கோல்ஃப் மைதானத்தில், ஆட்டக்காரர்களின் பந்தைச் சிக்கவைப்பதற்கென்றே ஒரு மணல்பள்ளம் இருந்தது. தன் பிறப்பைப் பற்றி அதற்குத் தலைகால் புரியாத பெருமை. திசைமாறி வந்து விழுகிற பந்துகளிடமெல்லாம் அளக்கும்.

"என்னை வரைஞ்சவர் சீமையில படிச்ச நிபுணர், தம்பி. இந்த வளைவுக்காக மட்டும் மூணு மாசம் யோசிச்சார்."

ஒருநாள் வேலி தாண்டி ஓர் எருமைக்கடா வந்தது. பள்ளத்தைப் பார்த்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, இது எங்க முப்பாட்டன் புரண்ட சேத்துக்குழியாச்சே! மைதானம் போட வந்தவங்க மூணு மாசம் விரட்டிப் பார்த்தாங்களாம். அவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில அந்த நிபுணர் வரைபடத்துல அவரைச் சுத்தி ஒரு கோடு போட்டு, 'மணல்பள்ளம்'னு எழுதிட்டாராம்."

உள்ளே கிடந்த பந்து விழுந்து விழுந்து சிரித்தது. பள்ளத்துக்கு முகம் செத்துப்போனது.

கடா மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல இறங்கி, மணலில் முதுகைச் சாய்த்துப் பார்த்தது. அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

"என்ன வளைவு!" என்று சொக்கிப்போனது.

மறுநாள் புதுப்பந்து ஒன்று வந்து விழுந்தது. பள்ளம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"என்னை உருவாக்கினவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, தம்பி. யார் விரட்டியும் அசையாம, மூணு மாசம் இங்கேயே படுத்து யோசிச்சார்."