எரிமலைக்கு ஒரு வாரம் அவகாசம்

சயின்ஸ் மிஸ் வெள்ளிக்கிழமை தோறும் ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வார அறிக்கை அனுப்புவார். என்ன பாடம் நடந்தது, யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை, எந்த மகராசன் காம்பஸால் பெஞ்சில் பள்ளம் தோண்டினான், எல்லாம் அதில் வந்துவிடும். தங்கள் வீட்டு வாரிசு பெயர் இருக்கிறதா என்று பெற்றோர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படிப்பார்கள்.

போன வார அறிக்கை இப்படி முடிந்தது: 'எரிமலை மாதிரியைத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். மாணவர்கள் தாங்களே செய்ய வேண்டும். உலகமே கவிழ்ந்தாலும் தேதி மாறாது.'

சனிக்கிழமை காலை, மிஸ்ஸின் ஐடியிலிருந்தே இன்னொரு அறிக்கை போனது: 'எரிமலை ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. அனைவரும் நிம்மதியாகத் தூங்கவும்.'

மிஸ் அதை அனுப்பவில்லை.

திங்கட்கிழமை எரிமலையோடு வந்தவர் ஒரே ஒரு அப்பா. இரண்டாவது அறிக்கையைப் பார்க்காத பாவப்பட்ட மனுஷர். ராத்திரி முழுக்க விழித்து, பேப்பரை ஊறவைத்து, கூழாக்கி, ஒட்டி, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் நேரே ஹெச்.எம். அறைக்குப் போனார். அந்த அம்மாளின் மேஜைமேல் எரிமலையை இறக்கி வைத்துவிட்டு, "இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு ஹெச்.எம். மிஸ்ஸைக் கூப்பிட்டார். "உங்க ஐடிக்குள்ள எவனோ புகுந்து விளையாடியிருக்கான். நாளைக்குக் கேள்வித்தாளைத் தூக்கினா என்ன பண்ணுவீங்க?"

மிஸ்ஸுக்கு மானமே போனது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பிடிச்சுக் காட்டறேன் மேடம். யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி, டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுத்து அனுப்பிடணும். பேரை நான் வார அறிக்கையிலேயே போடறேன்."

சொன்னால் செய்கிறவர்தான். சொந்த மகள் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். அவளே தேர்வில் அரை மார்க் குறைகிறது என்று அழுதபோது, "ஸ்கூல்ல நான் உனக்கு மிஸ்" என்று விரட்டியவர்.

மிஸ்ஸுக்குச் சந்தேகமே இல்லை, கடைசி பெஞ்ச் பெண்தான். 'கையெழுத்து' என்பது அவளுடைய பட்டப்பெயர். எந்த அப்பாவின் கையெழுத்தையும் அந்த அப்பாவைவிட அழகாகப் போடுவாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர் பக்கம் அவள் நின்றதைப் பார்த்ததாக இரண்டு பேர் சாட்சியும் சொல்லிவிட்டார்கள்.

லேபில் வைத்து மிஸ் அவளைப் பிடித்தார். "மரியாதையா ஒத்துக்கோ. நீதானே அனுப்பினே?"

"நான் எதுக்கு மிஸ் அனுப்பணும்?"

"எதுக்கா? எரிமலை செய்யாம தப்பிக்கத்தான்!"

அந்தப் பெண் மிஸ்ஸைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதை நான் எங்க மிஸ் செய்யறேன்? எங்கம்மாதானே செய்யறாங்க! என்னிக்குக் கொண்டுவரச் சொன்னா எனக்கென்ன?"

மிஸ்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விறுவிறுவென்று வகுப்புக்குப் போனார். "உண்மையைச் சொன்னா திட்ட மாட்டேன். உங்களுக்கெல்லாம் யார் செஞ்சு தர்றாங்க?"

"அம்மா!" "சித்தப்பா!" "எங்க மாமா மிஸ், அவருக்கு இன்னும் வேலை கிடைக்கல!" "எங்க வீட்ல ரெண்டு பேரும் மிஸ், நேத்துகூட யார் பெயின்ட் அடிக்கிறதுன்னு சண்டை!" வகுப்பே கொல்லென்று சிரித்தது.

ஆக, இந்தத் திருட்டுத்தனம் பிள்ளைகள் வேலையே இல்லை. செய்து முடிக்க முடியாமல் முழி பிதுங்கிய ஏதோ ஒரு பெற்றோரின் வேலை. மிஸ் மறுபடி ஹெச்.எம். அறைக்கு ஓடினார்.

"அடப்பாவமே, பெரியவங்க பண்ணின கூத்தா?" என்றார் ஹெச்.எம். "அப்போ டி.சி. எல்லாம் வேணாமே. குழந்தை என்ன பண்ணும்?"

"இரக்கமே கூடாது மேடம். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினாத்தான் பெத்தவங்களுக்கு உறைக்கும். நீங்க டி.சி.யில கையெழுத்துப் போட்டு வைங்க. பேரை நான் நிரப்பிக்கறேன்."

வேறு வழியில்லாமல் ஹெச்.எம். போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரை பெயர் கிடைக்கவில்லை. போகட்டும், திட்டவாவது திட்டலாம் என்று மிஸ் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தார். 'அந்த வெட்கங்கெட்ட பெற்றோருக்குச் சொல்லிக்கொள்வது' என்று ஆரம்பித்ததும் விரல்கள் பறந்தன. நல்ல வேகம் பிடித்த நேரத்தில் மழை சடசடவென்று கொட்டியது.

"என்னங்க, மாடியில துணி காயுது, எடுங்க!"

கணவர் ஆளையே காணோம். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே மிஸ் மொட்டை மாடிக்கு ஏறினார்.

துணியெல்லாம் கொடியில் நனைந்துகொண்டிருந்தது. அதன் நடுவே கணவர் தொப்பலாக நனைந்தபடி குடை பிடித்துக்கொண்டிருந்தார். குடைக்கடியில் ஒரு எரிமலை. பக்கத்தில் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் சரிவு சரியில்லப்பா. எங்க மிஸ் மார்க் போட மாட்டாங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

மிஸ் எரிமலையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பாஸ்வேர்ட்... உங்களுக்கு எப்படி..."

"நம்ம கல்யாண நாள்தானே?" கணவர் பெருமையாகச் சிரித்தார். "மறந்துட்டேன்னு வருஷா வருஷம் திட்டுவியே, இந்தத் தடவை எப்படி ஞாபகம் வெச்சிருந்தேன் பாரு! அது கெடக்கட்டும்மா, இந்த மழையில இது எங்க காயும்?"

கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெற்றோருக்கும் வார அறிக்கை போய்ச் சேர்ந்தது: 'சென்ற வாரம் ஏற்பட்டது வெறும் தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம். எரிமலை மேலும் ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது.'