ஹேஸல் கொண்டுவந்த சேவல்

“சீக்கிரம் வாடி! ஆமை மாதிரி வர்றியே!” என்று டெல்மர் கத்தினான்.

இந்த ஒரு பறவையை ஒழுங்காகக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டால் வேட்டைநாய்ப் போட்டியில் ஹேஸலுக்குப் பட்டம். இரண்டு வருஷம் படாத பாடுபட்டுப் பழக்கிய நாய், இன்றைக்கென்று புல்லுக்குள் அசைந்து அசைந்து வந்தது. பின்னால் நடுவர் லவோன் அட்டையும் பென்சிலுமாக நின்றிருந்தாள்.

ஹேஸல் வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தி, ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிச் சேவலை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஓர் இறகுகூடக் கசங்கவில்லை. பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

கையில் ஒட்டியது சேவலின் ரத்தம் என்றுதான் நினைத்தான். அவள் கழுத்து மயிரை விலக்கியபோது துப்பாக்கி ரவை துளைத்த ஓட்டைகள் தெரிந்தன. கழுத்தில், காதில், விலாவில். வால் ஒரு தடவை தரையைத் தட்டியது. அவ்வளவுதான்.

டெல்மர் நடந்ததை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

நடுவில் அவன். வலது பக்கம், பறவையைச் சுடத் துப்பாக்கியோடு ராய்ஸ். இடது பக்கம், வறண்ட ஓடைக்கு அந்தண்டை, அப்பா எமில். முப்பது வருஷமாக இந்தக் கிளப்பின் போட்டிகளில் சுடுகிறவர். தாய் ஒதுக்கிய குட்டியாக வந்த ஹேஸலைப் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தவரும் அவர்தான்.

ஹேஸல் மோப்பம் பிடித்துச் சேவலைக் கிளப்பினாள். அது எழும்பிய கணமே, கற்றுக்கொடுத்தபடி உட்கார்ந்தாள். டகோட்டாப் புல்வெளிக் காற்று சேவலை மடக்கி அவள் தலைக்கு மேலே தாழ்வாகத் திருப்பியது.

“தாழ வருது, சுடாத!” என்று யாரோ அலறினார்கள். ஒரே ஒரு வெடி. சேவல் விழுந்தது. ஹேஸல் அசையவில்லை. அவன் ‘எடு’ என்ற பிறகுதான் எழுந்து போனாள். சொல்லாமல் எழக்கூடாது என்று அவளை அடித்து அடித்துப் பழக்கியவன் டெல்மர்தான்.

திரும்பினான். ராய்ஸ் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு வெளுத்துப்போய் நின்றான்.

இதே ராய்ஸைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் டெல்மரின் மனைவி கார்லா கட்டிக்கொண்டு போனாள். அப்படிப்பட்டவனோடு அப்பா இன்னமும் வாராவாரம் உட்கார்ந்து காபி குடிப்பதே டெல்மருக்கு வயிற்றெரிச்சல்.

“நீயாடா?”

ராய்ஸ் ஓடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு நாயைப் பார்த்தான். “நான்தான். தெரியாம பட்டுடுச்சு, டெல்மர்.”

முதல் குத்திலேயே அவன் மூக்கு, காய்ந்த சோளத்தட்டை ஒடிகிற மாதிரி ஒடிந்தது. மல்லாந்து விழுந்தவனின் நெஞ்சில் டெல்மர் முழங்காலை ஊன்றினான்.

“பொண்டாட்டிய எடுத்துக்கிட்ட. பத்தலையாடா உனக்கு? நாயையும் எடுத்துக்கிட்டியா?” வார்த்தைக்கு ஒரு குத்து விழுந்தது. உதடு கிழிந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தபோது கை இன்னும் வெறி கொண்டது.

ராய்ஸ் கையைத் தூக்கவேயில்லை.

“திருப்பி அடிடா, கோழைப்பயலே!”

ராய்ஸ் ஒரு பல்லோடு ரத்தத்தைத் துப்பினான். “எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கோ. சத்தம் மட்டும் போடாத.”

அந்தப் பேச்சு டெல்மருக்கு எரிகிற தீயில் எண்ணெய் விட்டதுபோல இருந்தது. புல்லில் கிடந்த ராய்ஸின் துப்பாக்கியைக் குழாயைப் பிடித்துத் தூக்கி, கட்டையால் அவன் விலாவில் இறக்கினான். உள்ளே ஏதோ முறிந்தது. மறுபடி ஓங்கினான், இந்தத் தடவை தலைக்கு.

“உள்ள தோட்டா இருக்குடா, மடையா!” லவோன் அட்டையை வீசிவிட்டு ஓடிவந்து தோளால் ஒரே முட்டு முட்டினாள். மாட்டுப் பண்ணையில் வேலை செய்த உடம்பு. டெல்மர் புல்லில் உருண்டான். துப்பாக்கி அவள் கைக்குப் போயிற்று.

“ஒரு நாய் செத்தது போதாதா? மனுஷனையும் கொல்லணுமா உனக்கு?”

“அவன் வேணும்னே சுட்டான்! பழி வாங்கிட்டான்!”

லவோன் துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை உருவினாள். இரண்டு குழாய், இரண்டு தோட்டா. இரண்டும் முழுசாக அவள் உள்ளங்கையில் கிடந்தன. குழாயை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

“டெல்மர்,” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “இது சுடவே இல்லப்பா.”

டெல்மர் தோட்டாக்களைப் பார்த்தான். “அப்ப ஏண்டா நான்தான்னு சொன்ன?”

ராய்ஸ் திறந்திருந்த ஒற்றைக் கண்ணையும் மூடிக்கொண்டான்.

ஓடைப் பக்கம் புல் விலகியது. எழுபத்தெட்டு வயது எமில், மேடேறி மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

“ஒரே வெடிடா டெல்மர்! நான் சுட்ட பறவைய எஞ்செல்லம் கொண்டாந்துட்டாளா?”