அப்பா பூட்டிய கணினி

வெளியூர் வேலைக்குக் கிளம்பிய மகள், போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் அனுப்புவாள் என்று அப்பா காலையிலிருந்தே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். உதிரி பாகங்களை வாங்கித் தன் கையாலேயே பூட்டிய கணினி அது. பக்கத் தகடு கழன்று கிடக்க, உள்ளே விசிறி இரைகிறது. மற்றதெல்லாம் ஓடுகிறது, மெசேஜ் செயலி மட்டும் வழிக்கு வர மாட்டேன் என்கிறது. கடவுச்சொல்லைத் தட்டுகிறார். வட்டம் சுற்றுகிறது. ‘செயல்படுத்த இயலவில்லை. பிறகு முயலவும்.’ ஜன்னல் வெயில் திரையில் விழ, அந்த எழுத்துக்கு மேல் அவருடைய கடுகடுத்த முகம் தெரிகிறது. போனில் உதவி மையத்துப் பெண் கேட்கிறாள். “என்ன மாடல் சார்?” “மாடலெல்லாம் இல்லம்மா. நானே சேத்து வச்சது.” “அப்ப சீரியல் நம்பர் சொல்லுங்க சார்.” “நானே சேத்ததுக்கு நம்பர் எங்கம்மா இருக்கும்?” “நம்பர் இல்லாம ஆக்டிவேட் ஆகாது சார்.” அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைக்கிறார். அதற்காகவே காத்திருந்தவள் போல மனைவி தன் போனை அவர் காதருகே நீட்டுகிறாள். “அப்பா, நான் வந்து சேந்து எவ்வளவு நேரமாச்சு! உங்க போன் பிஸியாவே இருக்கு.” கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலேயே மறுபடி மாட்டிக்கொள்கிறார். “சாப்பிட்டியாம்மா?” என்கிறார். குரல் இறங்கிவிட்டது. பிறகு மீண்டும் திரையைப் பார்த்து முறைக்கிறார். “சரி, வை. சொன்னதையே மெசேஜாப் போடு. இப்ப வந்துடும்.”