அட்டை இருக்கா?

ஏரியில் காவல் படகு நேராகத் தங்கள் படகை நோக்கி வருவதைக் கண்டதும், கோலெட் கைப்பையை எடுத்து இருக்கைக்கு அடியில் திணித்தாள். உள்ளே இருப்பது மட்டும் தெரோன் கண்ணில் பட்டால் எல்லாம் முடிந்தது.

கஞ்சாவும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அவளுடைய கார் லைசென்ஸ்தான். அதில் பிறந்த வருஷம் 1969 என்று பளிச்சென்று போட்டிருந்தது.

தெரோனிடம் அவள் சொல்லியிருந்த வயது நாற்பத்தொன்பது. திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. மார்ச் மாதம் சர்ச் விருந்தில் அறிமுகமான அன்று, "எனக்கு அம்பது ஆகுது" என்று அவன்தான் முதலில் சொல்லித் தொலைத்தான். ஆளும் பார்க்க லட்சணம், பேச்சும் சிரிக்கச் சிரிக்க. அவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஐம்பத்தாறு என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? ஏழு வயதை அந்த மேஜையிலேயே கழற்றி வைத்துவிட்டாள்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவிட்டது. இன்று காலையிலிருந்து தெரோன் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் சின்னப் பெட்டி ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. மோதிரம்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

இந்த நேரம் பார்த்தா வந்து நிற்க வேண்டும் இந்தக் காவல் படகு.

கோலெட் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாளே தவிர, படகு தெரோனுடையது. இந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன்; கண்ணைக் கட்டிவிட்டாலும் கரை சேர்த்துவிடுவான். ஆனாலும் அவள் ஏறிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டான். "நீயே ஓட்டு, கோலெட். நீ ஓட்டுற அழகப் பாத்துக்கிட்டே வர்றேன்" என்பான். இன்றும் மேப்பிள் ஐஸ்கிரீமும் கையுமாகப் பின்னால் சாய்ந்து கிடந்தான்.

காவலனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். வெயிலில் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. "வழக்கமா பாக்குறதுதான், மேடம்" என்று உயிர்காப்பு அங்கிகளை எண்ணினான். விசிலை ஊதிப் பார்த்தான். "எல்லாம் சரியா இருக்கு. படகு ஓட்டுற அட்டை இருக்கா?"

அதுதான் வம்பு. எழுபத்து நான்காம் வருஷம் தொடங்கியபின் பிறந்தவர்கள் படகுப் பாடம் படித்து, பரீட்சை எழுதி, அந்த அட்டையை வாங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்குப் பாடமும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். ஐம்பத்தாறு வயது கோலெட் ராணி மாதிரி ஓட்டிக்கொண்டு போகலாம். நாற்பத்தொன்பது வயது கோலெட்டிடம், ஐம்பது வயது தெரோனைப் போலவே, அட்டை கட்டாயம் இருக்க வேண்டும். இருக்கிறது என்று தெரோனிடம் தலையை வேறு ஆட்டி வைத்திருந்தாள்.

"வீட்ல மறந்து வச்சிட்டேன், தம்பி."

"பரவால்ல மேடம். கார் லைசென்ஸக் குடுங்க, பேரப் போட்டுப் பாத்துடலாம்."

"பை அடியில போயிடுச்சா? இரு, நான் எடுத்துத் தர்றேன்" என்று தெரோன் எழுந்தே விட்டான்.

"நீ பின்னால போய் அந்தப் படகோட கயித்தப் பிடி. ரெண்டும் இடிச்சுக்கப் போவுது" என்று அவனைத் துரத்தினாள். பிறகு லைசென்ஸை எடுத்து, கவிழ்த்தபடியே நீட்டினாள்.

காவலன் திருப்பிப் பார்த்தான். புருவம் மேலே ஏறியது. "மேடம், உங்களுக்குத்தான் அட்டையே..."

"தெரியும். மெதுவாப் பேசு" என்று கிசுகிசுத்தாள். "அபராதம் எழுதிக் குடு, கட்டிடறேன்."

"செய்யாத தப்புக்கு எப்படி மேடம் எழுதுறது?"

"அவருக்கு நான் நாப்பத்தொம்பது. அவர் சட்டைப்பையில மோதிரம் இருக்கு. உனக்குப் புண்ணியமாப் போகும், ஏதாவது சொல்லிச் சமாளி."

காவலன் தெரோனைப் பார்த்தான். சட்டைப்பையைப் பார்த்தான். நல்ல பிள்ளை, மனசு இளகிவிட்டது. தொண்டையைக் கனைத்து, குரலை உயர்த்தினான். "இந்தத் தடவை எச்சரிக்கையோட விடறேன். ஆனா கையில அட்டை இல்லாம இவங்க ஓட்டக் கூடாது. மீதித் தூரத்தை நீங்க ஓட்டிட்டுப் போங்க, சார்."

கோலெட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"உங்க அட்டையக் காட்டுங்க, சார்."

தெரோன் அசையவில்லை. ஐஸ்கிரீம் உருகி முழங்கையில் வழிந்தது. "நானா?"

"படகுல வேற யாரு சார் இருக்கா?"

"காட்டேன், தெரோன். சட்டுனு காட்டிட்டுக் கிளம்பலாம்" என்றாள் கோலெட். இப்போது அவளுக்கு ஒரே உற்சாகம்.

தெரோன் முன்னால் வந்தான். கயிற்றை அவள் கையில் திணித்தான். "இதக் கொஞ்சம் பிடி. அந்தப் பக்கம் பாரேன், வாத்து குஞ்சுகளோட எவ்வளவு அழகா போகுது" என்றான். ஏரியில் வாத்தும் இல்லை, குஞ்சும் இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தபோது, பர்ஸிலிருந்து எதையோ உருவி, கவிழ்த்தபடியே காவலனிடம் நீட்டிக்கொண்டிருந்தான். அவன் காதருகே குனிந்து ஏதோ கெஞ்சினான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. தெரோனின் காது மடல் சிவந்தது மட்டும் தெரிந்தது.

காவலன் ஒரு கையில் ஒரு லைசென்ஸும் மறு கையில் இன்னொன்றுமாக நின்றான். இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான். ஒரு நாளைக்கு ஒரு பொய்க்கு மேல் அவனுக்குத் தாங்காது போலிருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருவருக்கும் கேட்கும்படியே சொன்னான்:

"யார் வேணாலும் ஓட்டிட்டுப் போங்க, ரெண்டு பேருக்குமே அட்டை தேவையில்ல."