நெற்றிக்காசு

நெற்றியில் ஒட்டிய நோட்டு நிற்கவில்லை.

திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துத்தான் ஒட்டினாள். கதவு வழியே காற்று வந்தது. வாழை மரம் போட்ட, ஜப்பான்காரன் அடித்த பத்து வெள்ளி நோட்டு செத்துக் கிடந்த கணவனின் நெற்றியை விட்டுக் கிளம்பி, மூக்கில் இடித்து, தரையில் விழுந்தது.

யாரும் குனிந்து எடுக்கவில்லை.

தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இப்போது நோட்டு விழுந்தால் யாரும் எடுப்பதில்லை. மழை நாளில் அடுப்புப் பற்றவைக்க எடுப்பார்கள்.

செத்தவனை நெற்றியில் காசு வைத்துத்தான் அனுப்ப வேண்டும். குழி வெட்டுகிறவனுக்கு அது போய்ச் சேரும். மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் எதை எதையோ மறந்தார்கள், இதை மறக்கவில்லை. ஆனால் ஜப்பான்காரன் காசே அடிக்கவில்லை. எல்லாம் தாள்.

பக்கத்து வீட்டு வைரவனும் சஞ்சீவியும் மட்டும் வந்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து வழக்காடினார்கள்.

"முன்னெல்லாம் ஒத்தக் காசு வெப்போம். இப்ப அதுக்கு எத்தன தாளு?"

"நேத்து ஒரு முட்ட முப்பது வெள்ளி."

"அது காலையில. பொழுது சாய அம்பது."

"அந்தக் கணக்குல வெச்சா ஆளு மூஞ்சியே தெரியாதுய்யா."

கடைவரை போய் இன்றைய விலை கேட்டு வரட்டுமா என்றான் சஞ்சீவி. நீ திரும்பி வருவதற்குள் அது பழைய விலையாகிவிடும் என்றான் வைரவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் பயந்துபோனாள். புருஷன் செத்துக் கிடக்கிறான், சிரிப்பு வருகிறதே.

எதுவும் பிடிபடவில்லை.

போன மாதம் முழுக்க மரவள்ளிக் காட்டில் மண் வெட்டினான். கூலியைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வந்தான். அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு உப்பு வாங்கப் போனாள். கடைக்காரன் சாக்கைத் தடவிப் பார்த்தான். இதைக் கொடு, உள்ளே இருப்பதை நீயே வைத்துக்கொள் என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

வெயில் ஏறியது. ஈ மொய்த்தது.

பாடைக்கு நாலு பேர் வேண்டும். மற்ற ஆண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். கால் வீங்கியவர்கள், புண் ஆறாதவர்கள். குழி வெட்டினால் பசிக்கும். பசித்தால் எதைத் தின்பது? அவர்களைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. மனதுக்குள் ஒவ்வொருவனையும் பேர் சொல்லித் திட்டினாள்.

முந்தானை முடிச்சில் ஒரு காசு இருந்தது.

வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளிக்காசு. ஜப்பான்காரன் வருவதற்கு முந்தையது. கள்ளத்தனமாக விற்கிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு அரிசியே தருவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வைத்திருந்தவனும் அதைத்தான் கேட்டான். அவள் முடிச்சை அவிழ்த்தபோது, பாயில் கிடந்த கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது புள்ளைக்கு."

அதற்குப் பிறகு அவன் வேறெதுவும் பேசவில்லை.

பிள்ளை மூலையில் உட்கார்ந்திருந்தாள். பவளம். கிழங்குத் தோலைச் சப்பிக்கொண்டிருந்தாள். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது.

காசை வைத்தால் பிள்ளைக்கு இல்லை. வைக்காவிட்டால் அவன் இங்கேயே நாறிப்போவான். யாருக்குத் துரோகம் செய்வது?

முடிச்சை அவிழ்த்தாள்.

நெற்றியில் வைத்தாள்.

காசு நின்றது. காற்று வந்தபோதும் அசையவில்லை.

வாசலில் பேச்சு நின்றது. வைரவன் எழுந்தான். எட்டிப் பார்த்த இன்னொருவன் உள்ளே வந்தான். அவன் சத்தமில்லாமல் யாருக்கோ கை காட்டினான். கால் வீங்கியவனும் தாங்கித் தாங்கி வந்து சேர்ந்தான்.

"குழி நான் வெட்டுறேன்."

"நான் வெட்டுறேன்னு முன்னமே சொன்னேன்ல?"

யாரும் முன்னமே எதுவும் சொல்லவில்லை.

மூங்கில் வந்தது. கயிறு வந்தது. நாலு பேர் தூக்கும் பாடைக்கு ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரும் அவன் நெற்றியையே பார்த்தார்கள். இத்தனை பேர் அவனை இத்தனை நேரம் பார்த்து அவள் கண்டதில்லை. அழுவதா, இவர்களைக் கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றாள்.

பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். அரிசி ஏது? ஆளுக்கு ஒரு சிட்டிகை துருவிய கிழங்கு.

கடைசியாக அவள்.

சுற்றி வந்து குனிந்தாள். அவிழ்ந்த கூந்தல் அவன் முகத்தையும் அவள் முகத்தையும் சேர்த்து மூடியது. அவன் நெற்றியில் வாய் பதித்தாள். நிமிரும்போது சாக்குத் துணியை இழுத்து அவன் முகத்தை அவளே மூடினாள்.

தூக்கினார்கள்.

ஆறு பேரும் வேகமாகத்தான் நடந்தார்கள். குழியை ஆழமாக வெட்டுவார்கள். வெட்டி முடித்து, இறக்குவதற்கு முன்புதான் முகத்துணியை விலக்குவார்கள். அதுதான் வழக்கம்.

இரண்டு பெண்கள் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். கைகள் இரண்டும் வெறுமையாக விரிந்திருந்தன.

"வாயத் தொறந்து அழு தாயி. இப்பிடி நிக்காத."

கண்ணிலிருந்து கொட்டியது. மூக்கிலிருந்து ஒழுகியது. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று இருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

நாக்குக்கு அடியில், காசில் ஒட்டிய திருநீறு கரைந்துகொண்டிருந்தது.