தறிக்குழி ஷாட்

நாளைக்குக் காலேஜில் குறும்படத்தைக் காட்டியாக வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆபத்து பார்க்கிறவனுக்கு முதல்ல தெரியணும், படத்துல இருக்கிறவளுக்குக் கடைசியிலதான் தெரியணும். அதான் சஸ்பென்ஸ்" என்று சார் சொல்லியிருந்தார்.

மத்தியானம் சித்தப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, நெய்கிறவர் காலை இறக்கி வைக்கிற அவருடைய தறிக்குழிக்குள் ஒரு போனைச் சாய்த்து வைத்தேன். அது பிடிக்கிற படம் என் போனில் தெரியும். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டு நெய்கிற பெண்ணாக நடிப்பது சித்தப்பா மகள் கீதா. தறிப் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

போனில், குழிக்குள் மிதிக்கட்டையின் மேல் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"கொலுசக் கழட்டிட்டியா, நல்லது. அப்படியே வெச்சிரு, அசைக்காத" என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பாதங்கள் அசையவில்லை. ஷாட் இவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

மேலே கொலுசுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கீதா பலகையில் சம்மணம் போட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, தல பின்னிகினு இருக்கேன். குழியில இன்னும் காலே எறக்கல. எறக்கட்டுமா?"

போனில் அந்தப் பாதங்கள் மெல்ல நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டன.